குளிர்நீரில் ட்ரைசூட் டைவிங்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இது. வெதுவெதுப்பான கடல்களில் 5 மில்லிமீட்டர் வெட்சூட் (தண்ணீர் உள்ளே புகும் டைவிங் உடை) போட்டு ஸ்கூபா டைவிங் ஓரளவு பழகியவர் ஒருவர், இனி 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் இருக்கும் தண்ணீரில் இறங்கப் போகிறார். தண்ணீர் உள்ளே புகாத ட்ரைசூட் வாங்கியே ஆக வேண்டுமா, எந்த மாதிரி வாங்குவது, தனியாகப் பயிற்சி தேவையா, மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈயம் எவ்வளவு கூடும், கால்கள் மேலே போய்த் தலைகீழாக மேற்பரப்புக்கு இழுத்துக்கொண்டு போய்விடும் என்கிறார்களே, அது உண்மையா?

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற கேள்விகளுக்கான விடைகளும் அதற்குள்தான் இருக்கின்றன. ஆம், அப்படி நடக்கும். ட்ரைசூட் போட்டவர் தன்னைச் சுற்றி ஒரு காற்றுக் குமிழையும் சேர்த்துக்கொண்டு இறங்குகிறார். மிதப்பைச் சரிசெய்ய மாட்டிக்கொள்ளும் காற்றுச் சட்டையான பி.சி.டி.யில் இருக்கும் காற்று ஒரே இடத்தில் அடங்கிக் கிடக்கும். உடைக்குள் இருக்கும் காற்றோ தோள், வயிறு, தொடை, பாதம் என்று எங்கும் ஓடும். கொத்தனாரின் ரசமட்டத்தில் குமிழ் எப்போதும் உயர்ந்த முனைக்கே ஓடுகிறதல்லவா, அதேதான். கால் சற்று உயர்ந்தால் காற்று காலுக்குப் போகும். போனதும் கால் இன்னும் உயரும். குமிழ் சிறிதாக இருந்தால் இதை ஒரு உதையில் சரிசெய்துவிடலாம். பெரிதாக இருந்தால்தான் வம்பு. ஆகவே ட்ரைசூட் டைவிங்கில் கற்க வேண்டியது என்ன என்று ஒரே வரியில் கேட்டால், அந்தக் குமிழைச் சிறிதாக வைத்துக்கொள்வது என்பேன். உடையின் அளவு, அதற்குள்ளே போடும் அண்டர்சூட், ஈயம், உடையின் காற்று வால்வ் எல்லாவற்றையும் இந்த ஒரு நோக்கில் பார்த்தால் முடிவுகள் தாமாகவே தெளிவாகும்.

வெட்சூட் ஏன் போதாது என்பதை முதலில் பார்ப்போம். அசையாத காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் வெப்பத்தைக் கடத்திக்கொண்டு போகும். வெட்சூட்டின் நியோபிரீன் என்னும் நுரை ரப்பர் சூடு தருவதற்குக் காரணம் அதற்குள் இருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்கள். 10 மீட்டரில் அழுத்தம் 2 பார், 30 மீட்டரில் 4 பார். ஆழம் கூடக் கூட அந்தக் குமிழ்கள் நசுங்கி, எங்கே குளிர் அதிகமோ அங்கேயே உடை மெலிந்துவிடுகிறது. நன்னீர் ஏரி என்றால் இன்னொன்றும் உண்டு. நன்னீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும் என்பதால், குளிர்ப் பிரதேசங்களின் ஆழமான ஏரிகளின் அடிப்பகுதி கோடையிலும் அந்த அளவை ஒட்டியே இருக்கும். மேலே நீந்துகிறவர்கள் சுகமாக நீந்திக்கொண்டிருக்க, 15 மீட்டருக்குக் கீழே கை விறைக்கும் குளிர் இருப்பது இதனால்தான்.

10 டிகிரியில் நல்ல 7 மில்லிமீட்டர் செமி-டிரை உடை (தண்ணீர் குறைவாகவே புகும் வெட்சூட்) போட்டு ஒரு டைவ் செய்துவிடலாம், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வெளியே வந்ததும் ஈர உடையோடு காற்றில் நின்று, அதே நாளில் இரண்டாவது முறை இறங்குவது வேறு விஷயம். 10 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து டைவ் செய்யப் போகிறீர்கள் என்றால் தயங்காமல் ட்ரைசூட்டுக்குப் போங்கள்.

ட்ரைசூட் உடம்பைச் சூடாக வைப்பதில்லை, உலர்வாக வைக்கிறது, அவ்வளவுதான். சூடு தருவது உள்ளே போடும் அண்டர்சூட்டும் அதன் இழைகளுக்கிடையே நிற்கும் காற்றும். இதைப் புரிந்துகொள்ளாமல் மொத்தப் பணத்தையும் வெளி உடையில் கொட்டிவிட்டு, உள்ளே பழைய விளையாட்டு உடையைப் போட்டுக்கொண்டு நடுங்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நடுத்தரமான உடையும் நல்ல அண்டர்சூட்டும் வைத்திருப்பவர் அவர்களைவிட நிம்மதியாக இருப்பார்.

உடை வகைகளில் மூன்று, நான்கு உண்டு. டிரைலாமினேட் என்பது மெல்லிய மூன்றடுக்குத் துணி, நடுவில் பியூட்டைல் ரப்பர். அதற்கென்று சூடு கிடையாது, நீட்சியும் குறைவு, ஆனால் சீக்கிரம் காயும், கிழிந்தால் எளிதில் ஒட்டலாம். நியோபிரீன் ட்ரைசூட் தானே கொஞ்சம் சூடு தரும், உடம்போடு ஒட்டி நிற்கும். ஆனால் வெட்சூட்டைப் போலவே ஆழத்தில் நசுங்கும், அதனால் மிதப்பு மாறிக்கொண்டே இருக்கும், காய நாள் எடுக்கும். முன்கூட்டியே நசுக்கித் தயாரித்த நியோபிரீன் இவை இரண்டுக்கும் நடுவே, முரட்டு உழைப்பைத் தாங்கும். முழு ரப்பர் உடைகளை மாசுபட்ட நீரில் வேலை செய்கிறவர்கள் விரும்புவார்கள், கழுவித் துடைத்தால் சுத்தமாகிவிடும் என்பதால். முதல் உடையாக நான் டிரைலாமினேட்டைத்தான் சொல்வேன். ஆழம் எதுவானாலும் அதன் மிதப்பு மாறாது, தண்ணீரின் குளிருக்கேற்ப உள்ளே போடுவதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

வகையைவிட அளவுதான் முக்கியம். கடையில் மெல்லிய பனியனோடு போட்டுப் பார்த்து வாங்காதீர்கள். நீங்கள் பயன்படுத்தப் போகும் மிகத் தடிமனான அண்டர்சூட்டைப் போட்டுக்கொண்டு, மேலே உடையை மாட்டி, குந்தி உட்கார்ந்து அதற்குள் இருக்கும் காற்றைக் கழுத்து சீல் (தண்ணீர் புகாமல் கழுத்தைக் கவ்வும் பட்டை) வழியாக வெளியேற்றிவிட்டுப் பாருங்கள். இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் சிலிண்டர் வால்வ் இருக்கும் இடத்தைத் தொட முடிகிறதா, மார்புக்குக் குறுக்கே கைகளைக் கட்டிக்கொள்ள முடிகிறதா, முழங்காலை மார்பு வரை மடக்க முடிகிறதா? முடியாவிட்டால் உடை சிறிது. முழங்காலுக்குக் கீழே துணி தொளதொளவென்று மடிந்து நின்றால் உடை பெரிது. அந்த உபரித் துணிக்குள்தான் பின்னால் காற்று போய் உட்காரும். பாதத்தைக் குறிப்பாகக் கவனியுங்கள். பூட் பெரிதாக இருந்தால் தலைகீழாகும்போது அது காற்றால் உப்பி, கால் உள்ளிருந்து நழுவி, காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னும் கழன்று போகும். ஃபின் இல்லாமல் தலைகீழாக இருப்பவருக்குச் செய்ய அதிகம் ஒன்றும் மிச்சமில்லை.

முதல் சில டைவ்களுக்கு வாடகை உடை எடுத்தால் எந்த அளவு, எந்த வெட்டு உங்களுக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்துவிடும். பழைய உடை வாங்குகிறீர்கள் என்றால் சீல்களைவிட ஜிப்பைக் கூர்ந்து பாருங்கள். சீல் மாற்றுவது சாதாரண வேலை. ஜிப் மாற்றுவது பெரிய செலவு. பித்தளை ஜிப்பில் பல் வளைந்திருந்தாலோ, வளைத்துப் பார்க்கும்போது பற்களுக்கு அடியில் துணி வெடித்திருந்தாலோ, விட்டுவிடுங்கள்.

சீல்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்களின் முதல் எரிச்சல் இங்கேதான் வரும். லேடெக்ஸ் சீல் மென்மையாக நீளும், நன்றாகப் பொருந்தும். ஆனால் வெயிலும் எண்ணெய்ப் பசையும் ஓசோனும் அதைக் கெடுக்கும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும், சிலருக்கு ஒவ்வாமையும் உண்டு. சிலிகோன் இன்னும் மென்மையானது, ஒவ்வாமை தராது. ஆனால் ஒரு சிறு கீறல் விழுந்தால் அப்படியே பிளந்துவிடும். பசை பிடிக்காது என்பதால் அதை வளையம் வைத்துப் பொருத்துவார்கள். அதனாலேயே ஒரு நன்மையும் உண்டு: கிழிந்தால் தண்ணீர்க்கரையிலேயே சில நிமிடங்களில் மாற்றிக்கொள்ளலாம். நியோபிரீன் சீல் நீண்ட நாள் உழைக்கும், கழுத்துக்குச் சூடாகவும் இருக்கும். கழுத்தில் உள்பக்கமாக மடித்துவிட வேண்டும்.

புதிய லேடெக்ஸ் கழுத்து சீல் இறுக்கமாகத்தான் வரும். "போகப் போகப் பழகிவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கழுத்தின் இரு பக்கமும் ஓடும் பெரிய தமனிகளில் அழுத்தத்தை உணரும் இடங்கள் உள்ளன. அவற்றை வெளியிலிருந்து அழுத்தினால் இதயத் துடிப்பு மந்தமாகி, தலை சுற்றி, மயக்கம்கூட வரலாம். முதலில் ஓர் இரவு முழுக்க ஏற்ற அளவுள்ள உருளையான ஏதாவது ஒன்றின் மேல் மாட்டி நீள விடுங்கள். அப்படியும் இறுக்கினால் சீலிலேயே இருக்கும் வளையக் கோடுகளின்படி கூர்மையான கத்தரிக்கோலால் ஒவ்வொரு கோடாக வெட்டிப் போட்டுப் பாருங்கள். ஓரம் பிசிறில்லாமல் இருக்க வேண்டும், பிசிறில்தான் கிழிசல் தொடங்கும். விரலை நுழைத்து எடுக்க முடிகிற, ஆனால் தோலோடு ஒட்டி நிற்கிற இறுக்கம் சரி.

கழுத்து சீலுக்கு அடியில் நாலு தலைமுடியோ, அண்டர்சூட்டின் காலர் ஓரமோ மாட்டிக்கொண்டால் அந்த வழியாகத் தண்ணீர் வரும். மணிக்கட்டில் கையை இறுக்கி மூடும்போது நரம்புகள் புடைத்து நடுவே பள்ளம் விழும். அந்தப் பள்ளமும் ஒரு வழிதான். சீலை முழங்கைப் பக்கமாகச் சற்று ஏற்றிவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். மாட்டும்போது மணமில்லாத டால்க் பவுடர் தடவிக்கொள்ளலாம். கை மோதிரம், கடிகாரம், கூர்மையான நகம் எல்லாம் லேடெக்ஸுக்கு எதிரி.

அண்டர்சூட்டில் ஒரே ஒரு கண்டிப்பான விதி: பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரச் செய்யும். தோலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலிபுரோப்பிலீன், அதன்மேல் ஃபிளீஸ் அல்லது தின்சுலேட் என்னும் செயற்கை இழை நிரப்பிய அண்டர்சூட். தின்சுலேட்டின் நல்ல குணம், நசுங்கினாலும் ஈரமானாலும் கொஞ்சமாவது சூட்டைப் பிடித்து வைத்திருப்பது. 10 டிகிரி தண்ணீரில் போதுமானது 4 டிகிரியில் போதாது, அதனால் ஒரே ஒரு கனமான அண்டர்சூட்டைவிட, மேலே ஒரு உள்சட்டையைச் சேர்த்துக் கழற்றக்கூடிய அமைப்பு நல்லது. வெளியே வெயிலடிக்கும் நாளில் உடையைக் கடைசியாக மாட்டுங்கள். சிலிண்டர் பொருத்துவது, தூக்குவது எல்லாம் முடித்த பிறகு. வியர்த்து நனைந்து இறங்கினால் உடை ஒழுகாமலேயே ஈரமாகத்தான் இருப்பீர்கள்.

தலைக்கு 5 அல்லது 7 மில்லிமீட்டர் ஹூட். கைக்கு என்ன என்பதுதான் பெரிய கேள்வி, ஏனென்றால் பெரும்பாலான குளிர்நீர் டைவ்களை முடித்து வைப்பது கைதான். 10 டிகிரியை ஒட்டி 5 மில்லிமீட்டர் ஈரக் கையுறை போதும். அதற்குக் கீழே வளையத்தோடு வரும் உலர் கையுறை அருமையானது. உள்ளே மெல்லிய கம்பளிக் கையுறை, வெளியே ரப்பர். ஆனால் அதற்குள் இருக்கும் காற்றும் ஆழத்தில் நசுங்கும். மணிக்கட்டு சீலுக்கு அடியில் ஒரு சிறு குழாயோ மெல்லிய கயிறோ செருகி வைத்தால் உடைக்குள் இருக்கும் காற்று கையுறைக்கும் போய்வரும். அதற்கு ஒரு விலை உண்டு: கையுறை கிழிந்தால் அதே வழியாகத் தண்ணீர் கைக்குள் வரும். முதல் பயிற்சிகளை ஈரக் கையுறையோடு முடித்துவிட்டு அப்புறம் உலர் கையுறைக்குப் போவது நல்லது.

இனி ஈயம். ட்ரைசூட்டும் அண்டர்சூட்டும் சேர்ந்தால் வெட்சூட்டைவிட அதிக ஈயம் வேண்டும், உண்மை. எத்தனை கிலோ என்று அட்டவணை பார்த்துச் சொல்ல முடியாது. உங்கள் உடல், அண்டர்சூட், சிலிண்டர், உப்பு நீரா நன்னீரா என்பதெல்லாம் சேர்ந்து முடிவாவது அது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும், அதுவும் டைவின் முடிவில். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் இருக்கும்போது உள்ளே 2400 லிட்டர் காற்று. லிட்டருக்குச் சுமார் 1.2 கிராம் என்றால் கிட்டத்தட்ட 2.9 கிலோ. 50 பாருக்கு வரும்போது அதில் 2 கிலோவுக்கு மேல் சுவாசித்து வெளியேற்றியிருப்பீர்கள். நிறைந்த சிலிண்டரோடு சரியாக இருந்த ஈயம் கடைசியில் போதாமல் போவது இதனால்தான். ஆகவே 50 பார் இருக்கும்போது, 3 முதல் 5 மீட்டர் ஆழத்தில், பி.சி.டி.யை முழுதாகக் காலிசெய்து, உடை இறுக்கிப் பிடிக்காத அளவுக்கு மட்டும் உள்ளே காற்று வைத்து, அசையாமல் நிற்க முடிகிறதா பாருங்கள். நிற்க முடிந்தால் அதுதான் உங்கள் ஈயம். இன்னும் மூழ்கினால் ஒன்றைக் கழற்றிவிட்டு அடுத்த முறை பாருங்கள். கடலில் சரிபார்த்ததை ஏரிக்குக் கொண்டுபோனால் சுமார் இரண்டு, மூன்று கிலோ குறையும்.

புதியவர்களுக்கு "இருக்கட்டும், நாலு கிலோ சேர்த்துப் போட்டுக்கொள்" என்று கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. இறங்குவது எளிதாகிவிடும் என்பது அவர்கள் நியாயம். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. நாலு கிலோ அதிக ஈயத்தைச் சமன்செய்ய நாலு லிட்டர் அதிகக் காற்று வேண்டும். அந்த நாலு லிட்டர்தான் காலுக்கு ஓடுகிறது, அதுதான் மேலேறும்போது விரிந்து இழுக்கிறது. தலைகீழாகப் போனவர்களின் கதையைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் அடியில் அதிக ஈயம் இருக்கும். கணுக்கால் ஈயத்தையும் ஆரம்பத்திலேயே மாட்டாதீர்கள். உடை சரியான அளவில் இருந்து, ஈயமும் சரியாக இருந்தால் பெரும்பாலோருக்கு அது தேவைப்படாது. சற்று கனமான ரப்பர் ஃபின்னே போதும்.

தண்ணீருக்குள் என்ன நடக்கும்? மார்பில் உள்ளே காற்று விடும் வால்வ், இடது மேற்கையில் வெளியேற்றும் வால்வ். இறங்கத் தொடங்கிய சில மீட்டரிலேயே உடை உடம்பைக் கவ்வுவது தெரியும். அது ஓர் எல்லைக்கு மேல் போனால் தோலில் கோடு கோடாகக் கன்றிப்போகும், அசையவும் முடியாது. கவ்வும்போதெல்லாம் மார்பு வால்வின் பொத்தானைச் சின்னச் சின்னதாகத் தட்டுங்கள். முதல் 10 மீட்டரில்தான் காற்றின் கன அளவு பாதியாகிறது, அதனால் அதிகம் தட்ட வேண்டியதும் அங்கேதான். வெளியேற்றும் வால்வை முழுதாகத் திறந்தே வையுங்கள். உடைக்குள் கொஞ்சம் அதிகக் காற்று வேண்டுமென்றால் ஒன்றிரண்டு சொடுக்கு மூடலாம்.

மேலேறும்போது நிலைமை தலைகீழ். 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வருவதற்குள் உள்ளே இருக்கும் காற்று இரு மடங்காகும். கிளம்புவதற்கு முன்பே கொஞ்சம் வெளியேற்றிவிடுங்கள். இடது முழங்கையை உயர்த்தி, தோளை உடம்பிலேயே மிக உயரமான இடமாக்கினால் வால்வ் வழியாகக் காற்று தானாகப் போகும். போகவில்லை என்றால் பெரும்பாலும் அண்டர்சூட் துணி உள்ளிருந்து வால்வை அடைத்துக்கொண்டிருக்கும், கையைச் சற்று ஆட்டிவிட்டால் வழி கிடைக்கும். பி.சி.டி.யைவிட இது மெதுவாகத்தான் காலியாகும் என்பதை மனத்தில் வைத்து நிதானமாக ஏறுங்கள்.

தண்ணீருக்கடியில் மிதப்பை உடையால் சரிசெய்வதா, பி.சி.டி.யாலா என்று இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி, கவனிக்க வேண்டிய குமிழ் ஒன்றாக இருக்கட்டும், உடையை மட்டும் பயன்படுத்து என்று சொல்லித்தரும். மற்றது, கவ்வலை நீக்கும் அளவுக்கு மட்டும் உடையில் காற்று விடு, மீதிக்கு பி.சி.டி. என்னும். ஒற்றைச் சிலிண்டரோடு ஈயம் சரியாக இருந்தால், கவ்வலை நீக்கவே விட்ட காற்று ஏறத்தாழ மிதப்புக்கும் போதுமானதாகிவிடுகிறது. அப்போது இந்த விவாதத்துக்கே பெரிய வேலை இல்லை. பயிற்றுநர் சொல்லும் முறையில் தொடங்குங்கள். இரட்டைச் சிலிண்டரும் கனமான சாதனங்களும் சேரும்போது மட்டும் நான் தயங்காமல் இரண்டாவது கட்சி.

சரி, கால் மேலே போய்விட்டால்? முழங்காலை மார்போடு மடக்குங்கள், காற்று பாதத்திலிருந்து நகரும். அப்படியே முன்பக்கமாக உருண்டு நிமிர்ந்து, இடது தோளை உயர்த்தி வெளியேற்றுங்கள். இதற்குள் மேலேறத் தொடங்கியிருந்தால் கீழ்நோக்கி இரண்டு, மூன்று வலுவான உதை கொடுத்து, கிடைக்கும் அவகாசத்தில் உருளுங்கள். எதுவும் பலிக்காவிட்டால் கைகால்களை அகல விரித்து வேகத்தைக் குறையுங்கள், மூச்சை மட்டும் ஒருபோதும் அடக்காதீர்கள். இதைப் படித்துக் கற்க முடியாது. பயிற்றுநர் அருகில் இருக்க, நீச்சல் குளத்தில், உடம்பு தானாகச் செய்யும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

அதே குளத்தில் பழக வேண்டிய இன்னும் இரண்டு உண்டு. காற்று விடும் வால்வ் சிக்கிக்கொண்டு உடை உப்பத் தொடங்கினால், ஒரு கையால் அந்த வால்வுக்குக் காற்று கொண்டுவரும் குழாயைப் பிடுங்கி, மறுகையின் முழங்கையை உயர்த்தி வெளியேற்ற வேண்டும். தடித்த கையுறையோடு அந்த இணைப்பைக் கழற்ற முடிகிறதா என்று கரையிலேயே பாருங்கள். முடியாவிட்டால் கையுறையையோ இணைப்பின் பிடியையோ மாற்றிக்கொண்டுதான் இறங்க வேண்டும். வெளியேற்றும் வால்வ் வேலை செய்யாவிட்டால், ஈரக் கையுறை போட்டிருப்பவர் கையை உயர்த்தி மணிக்கட்டு சீலை விரலால் சற்றுப் பிரித்தால் காற்று போய்விடும். கொஞ்சம் தண்ணீர் வரும், வரட்டும்.

உடை முழுதாக நிறைந்துவிட்டால் மூழ்கிப் போவோம் என்ற பயம் பலருக்கு. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை. காற்று போனதால் இழந்த மிதப்பை மட்டும் பி.சி.டி. ஈடுசெய்ய வேண்டும், அதனால் பி.சி.டி. இல்லாமல் ட்ரைசூட்டில் இறங்கக் கூடாது. உண்மையான சிரமம் குளிரும், கரையேறுவதும்தான். வெளியே வந்ததும் உடைக்குள் இருக்கும் அத்தனை தண்ணீரும் எடையாகத் தொங்கும். அப்போது உதவி கேளுங்கள், அவசரமாக ஏணி ஏறாதீர்கள்.

உடையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டர் மறந்துவிடும், குளிர்நீரில் அது உடையைவிடச் சீக்கிரம் காலை வாரும். 200 பாரிலிருந்து காற்று சுமார் 10 பாருக்கு விரியும்போது உறைநிலைக்கு வெகுகீழே குளிர்ந்துவிடுகிறது. ரெகுலேட்டரில் சிலிண்டரோடு இணையும் பகுதியான முதல் நிலையைச் சுற்றியிருக்கும் தண்ணீரும் 4, 5 டிகிரிதான் என்றால் அங்கே பனி பிடித்து வால்வ் திறந்தபடியே நின்றுவிடும். ரெகுலேட்டர் நிற்காமல் பீறிடும், சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகும். ஐரோப்பிய இ.என். 250 தரத்தின்படி குளிர்நீருக்குச் சோதிக்கப்படாத ரெகுலேட்டரில் 10 டிகிரிக்கு மேல் மட்டும் என்று குறி இருக்கும். வெதுவெதுப்பான கடல்களில் பயன்படுத்திய உங்கள் பழைய ரெகுலேட்டரில் அந்தக் குறி இருக்கிறதா பாருங்கள். தண்ணீர் உள்ளே புகாதபடி மூடிய முதல் நிலை கொண்டதாக வாங்குங்கள். உறைகுளிர்க் காற்றில் கரையில் நின்று அதில் மூச்சு விட்டுப் பார்க்காதீர்கள், மூச்சின் ஈரம் உள்ளே உறையும். உடையில் காற்று விடுவதையும் மூச்சை இழுப்பதையும் ஒரே நொடியில் செய்யாதீர்கள்; இரண்டும் சேர்ந்தால் காற்றோட்டம் கூடி, குளிர்ச்சியும் கூடும். 5 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கும்போது, ஒரே சிலிண்டரில் தனித்தனியாக மூடக்கூடிய இரண்டு வால்வுகளும் இரண்டு முதல் நிலைகளும் இருப்பது நல்ல முதலீடு.

குளிர் உடம்புக்குச் செய்வதில் இரண்டைக் கவனியுங்கள். இறங்கியதும் முகத்தில் குளிர்நீர் படும்போது மூச்சு திணறி வேகமாகும். ஓரிரு நிமிடங்களில் அடங்கும். அதுவரை மேற்பரப்பிலேயே இருந்து முகத்தை நனைத்து, மூச்சு சீரான பிறகு இறங்குங்கள். அடுத்து கை. அவ்வப்போது கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லை என்றால் காற்று எவ்வளவு மிச்சமிருந்தாலும் டைவ் முடிந்தது. வால்வையும் கொக்கியையும் இயக்க முடியாத கையோடு கீழே இருக்கக் கூடாது.

மேலேறும்போது உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழாவதால் வரும் அழுத்தநீக்க நோய்க்கும் குளிருக்கும் உள்ள தொடர்பைப் பலர் யோசிப்பதில்லை. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுப் பிரிவு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், அடியில் சூடாகவும் மேலேறும்போது குளிராகவும் இருந்தவர்களுக்கே ஆபத்து அதிகம் என்று கண்டார்கள். உடம்பு சூடாக இருக்கும்போது நைட்ரஜன் நன்றாக ஏறுகிறது, குளிர்ந்தபின் இரத்த ஓட்டம் சுருங்கி இறங்க மறுக்கிறது. சாதாரணக் குளிர்நீர் டைவின் இயல்பே அதுதான், ஆகவே டைவ் கணினி காட்டும் நேர எல்லையை ஒட்டிப் போகாதீர்கள். மின்சூடு உள்சட்டை வைத்திருப்பவர்கள் அடியில் குறைவாகவும் ஏறும்போது கூடுதலாகவும் வைப்பது இதனால்தான். சிறுநீர் கழிக்க வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் இறங்குகிறவர்களும் இதே ஆபத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். அதற்கென்று உறிஞ்சும் உள்ளாடையும் சிறுநீரை வெளியேற்றும் வால்வும் இருக்கின்றன, கூச்சப்பட ஒன்றுமில்லை.

பயிற்சி தேவையா என்றால், தேவை. பெரும்பாலான பயிற்சி அமைப்புகளில் இது சிறிய வகுப்புதான். பாடி (PADI) என்னும் டைவிங் பயிற்சி அமைப்பின் ட்ரைசூட் வகுப்பில் ஒரு குளப் பயிற்சியும் இரண்டு திறந்தவெளி டைவ்களும். சில இடங்களில் அந்தச் சான்றிதழ் அல்லது நிரூபிக்கக்கூடிய ட்ரைசூட் அனுபவம் இல்லாமல் இறங்கவே விடமாட்டார்கள். ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவு அப்படி. ஆண்டு முழுக்க 2 முதல் 4 டிகிரி, கண்ணாடி போன்ற பனியாற்று நீர். இவ்வளவு சிரமப்பட்டு எதற்கு என்று தோன்றினால், குளிர்நீர் காத்து வைத்திருப்பதைப் பாருங்கள். 1919 ஜூன் 21 அன்று ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோவில் ஜெர்மானியர்கள் தாங்களே மூழ்கடித்த கடற்படையில் மூன்று போர்க்கப்பல்களும் நான்கு இலகு குரூசர்களும் இன்னும் அங்கேயே கிடக்கின்றன. பால்டிக் கடலில் உப்பு குறைவு என்பதால் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு அங்கே வாழ்வதில்லை. நூற்றாண்டுகள் பழைய மரக்கப்பல்கள் பாய்மரத்தோடு நிற்கின்றன.

வகுப்புக்குப் பிறகான முதல் டைவ்களை 6 முதல் 10 மீட்டர் ஆழத்தில், மணல் தரையுள்ள அமைதியான இடத்தில், பிடித்துக்கொள்ளக் கயிறு இருக்கும் இடத்தில் செய்யுங்கள். ஒரே உடை, ஒரே அண்டர்சூட், ஒரே சிலிண்டர், கேமரா வேண்டாம். ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஈயம், என்ன அண்டர்சூட், தண்ணீர் எத்தனை டிகிரி, கை எப்போது விறைத்தது என்று குறித்து வையுங்கள். துணைவருக்கு உங்கள் ஜிப் முழுதாக மூடியிருக்கிறதா என்று பார்ப்பதும், குழாயை எப்படிக் கழற்றுவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

முடித்ததும் நன்னீரில் அலசி, ஜிப், வால்வ், சீல் எல்லாவற்றிலும் உப்பு போகக் கழுவி, நிழலில் காய வையுங்கள். பித்தளை ஜிப்பின் பற்களுக்கு மெழுகு. பிளாஸ்டிக் ஜிப்பில் அது மூடி நிற்கும் முனையில் மட்டும் தயாரிப்பாளர் கொடுத்த பசை. அண்டர்சூட் ஈரமாக இருந்தால் உடனே உடை ஒழுகுகிறது என்று முடிவு கட்டாதீர்கள், வியர்வை குளிர்ந்த துணியில் படிந்தும் ஈரமாகும். ஈரம் ஒரே இடத்தில், கைப்பக்கமோ முழங்காலோ, திட்டாக இருந்தால்தான் ஒழுக்கு. மணிக்கட்டு சீல்களில் பாட்டிலையும் கழுத்தில் பந்தையும் செருகி அடைத்து, ஜிப்பை மூடி, வெளியேற்றும் வால்வை மூடி, சிலிண்டரிலிருந்து கொஞ்சம் காற்று விட்டு, சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். நுரை கிளம்பும் இடத்தைச் சுற்றிக் குறித்துவிட்டு, முழுதாகக் காய்ந்தபின் உள்பக்கத்திலிருந்து பாலியூரித்தேன் பசை பூசி, ஒரு நாள் அசைக்காமல் விட்டுவிடுங்கள்.